ஜொன்ஜுவில் 11 மாதம்: பல்கலைக்கழக வாசலருகே ஓர் அறை

தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் இருந்தபடி ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். அவர்களுடைய காலை 9 மணி, கொரியாவில் குளிர்காலத்தில் மாலை 5, கோடையில் மாலை 4. பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியோ தாண்டியோதான் என் வேலை முடியும். ஊர் தேடியபோது ஒவ்வொரு ஊரையும் ஒரே கேள்வியால் அளந்தேன். இரவு 1 மணிக்கு மடிக்கணினியை மூடிவிட்டு நடந்து போய்ச் சூடாகச் சாப்பிட்டுத் திரும்ப முடியுமா?

சியோலை முதலிலேயே விட்டுவிட்டேன். வாடகையைவிட அங்கே கேட்கும் அட்வான்ஸ்தான் காரணம். தேஜொனில் 2 வாரம் இருந்தேன். அருமையான ஊர். ஒரே தடம்தான் என்றாலும் மெட்ரோ உண்டு, கேடிஎக்ஸ் என்னும் அதிவேக ரயிலில் சியோலுக்கு ஒரு மணி நேரப் பயணம், 1956 முதல் நடக்கும் சொங்சிம்தாங் ரொட்டிக்கடையில் பொரித்த சொபொரோ பன் வாங்க வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சியோலுக்கு அடிக்கடி போகவேண்டியவர்களுக்கு நான் தேஜொனைத்தான் சொல்வேன். ஆனால் என் கைக்கு எட்டிய அறைகள் எல்லாம் இரவில் அடங்கிவிடும் தெருக்களில் இருந்தன. காங்னுங்கில் கடல் இருக்கிறது. கோடை தொடங்கியதும் நான் பார்த்து வைத்திருந்த அறையின் வாடகை ஏறிவிட்டது. அதோடு அந்த ஊரை மறந்தேன்.

ஜொன்ஜு என்றதும் எல்லாரும் ஹனோக் கிராமத்தைத்தான் நினைப்பார்கள். 'ஹனோக்' என்றால் கொரியாவின் பாரம்பரிய வீடு. எழுநூறு ஓட்டு வீடுகள் வரை நெருங்கி நிற்கும் அந்தப் பகுதியைப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே அறை எடுக்காதீர்கள். வார இறுதியில் பெட்டிச் சக்கரங்களின் சத்தம் காலை முதல் ஓயாது. தங்க வேண்டிய இடம் வடக்கே, ஜொன்புக் தேசியப் பல்கலைக்கழகத்தின் பழைய பிரதான வாசலைச் சுற்றியுள்ள தெருக்கள். அங்கே விலையை நிர்ணயிப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், மாணவர்கள். சலவை நிலையம், 24 மணி நேர ஸ்டடி கஃபே, 2,000 வொன்னுக்கு (வொன் கொரிய நாணயம்) அமெரிக்கானோ காபி, மருந்துக்கடை எல்லாம் பத்து நிமிட நடைக்குள் வந்துவிடும்.

என் அறைக்கு முன்பணம் 30 லட்சம் வொன், மாத வாடகை 3,80,000. முன்பணத்தை 'போஜுங்கும்' என்றும் வாடகையை 'வொல்சே' என்றும் சொல்கிறார்கள். முன்பணத்தை உயர்த்தினால் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம், பேசிப் பாருங்கள். முதலில் நான் பார்த்த வேறோர் அறைக்கு 3 லட்சம் என்று விளம்பரம் இருந்தது. கையெழுத்துப் போட உட்கார்ந்த பிறகுதான் பராமரிப்புக் கட்டணம் தனியாக 90,000 என்று தரகர் வாயைத் திறந்தார். எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கட்டணத்தின் பெயர் 'குவல்லிபி'. அதற்குள் இணையம் அடக்கமா, தண்ணீர் அடக்கமா என்று வாசலிலேயே கேளுங்கள். என் அறைக்கு 50,000, இணையமும் சேர்த்து. வேலைக்கு வேண்டிய வேகம் ஒருநாள்கூடக் குறையவில்லை.

முன்பணம் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் சேமிப்பு வேறொருவர் கையில் ஓர் ஆண்டு இருக்கப்போகிறது. அந்தக் கட்டடத்தின் மீது எவ்வளவு கடன் இருக்கிறது என்பதைப் பதிவேட்டு நகலில் பார்த்துவிடுங்கள், தரகரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். ஒப்பந்தம் ஆனதும் வட்டார மக்கள் சேவை மையத்துக்குப் போய் 'ஹ்வாக்ஜொங் இல்ஜா' என்னும் தேதி முத்திரையை வாங்குங்கள். புதிய முகவரியையும் உரியபடி பதிந்துவிட்டால், வீடு ஏலத்துக்குப் போகும் நிலை வந்தாலும் உங்கள் முன்பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டவர் பலர் இதைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வந்தது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எஃப்-1-டி விசாவில். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கானது அது. கொரியாவின் தனிநபர் தேசிய வருமானத்தைப் போல இரு மடங்கு ஆண்டு வருமானம் காட்ட வேண்டும், 10 கோடி வொன்னுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கக்கூடாது. ஓர் ஆண்டு கிடைக்கும், மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கலாம். வந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கான அலுவலகம் ஜொன்ஜுவிலேயே இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அட்டை கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் கைபேசி எண்ணும் இழுபறியாகவே இருக்கும். அந்த இடைக்காலத்துக்கு வாரவாடகை அறை ஒன்றில் இருந்துகொண்டு, நிரந்தர அறையை நேரில் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

இனி, நான் இந்த ஊரிலேயே தங்கிவிட்டதற்கான காரணம். என் தெருமுனையில் கொங்னாமுல் குக்பாப் கடை ஒன்று இரவு முழுவதும் திறந்திருக்கும். முளைகட்டிய சோயா பயறும் சோறும் சேர்ந்த சூப் அது. ஜொன்ஜுவின் சொந்தச் சாப்பாடு. இந்த ஊரின் 'நம்பு' என்னும் சந்தையின் முறையில் சோற்றைக் கருங்கலம் ஒன்றில் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி வடித்து, மறுபடி ஊற்றி வடிப்பார்கள். 'தொரியொம்' என்று பெயர். சோற்றின் உள்வரை சூடேறும், ஆனால் நாக்கைச் சுடாது. பக்கத்தில் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை வரும். அதில் இரண்டு மூன்று கரண்டி சாற்றை விட்டு, கிம் எனும் கடற்பாசித் தாளைக் கிழித்துப்போட்டு, முதலில் அதைக் குடிக்க வேண்டும். முதல் நாள் நான் முட்டையைச் சூப்பில் கொட்டப்போக, கடைக்கார இமோ ஓடிவந்து கையைப் பிடித்தார். 'இமோ' என்றால் அம்மாவின் சகோதரி. சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒரு கிண்ணம் 8,000 வொன். சைவம் உண்பவர்கள் கவனிக்க: சாறு நெத்திலியில் வடித்தது, கணவாய்த் துண்டுகளும் கிடக்கும். அவர்களுக்கு, சோற்றில் காய்கறிகளும் மிளகாய் விழுதும் கலந்து உண்ணும் பிபிம்பாப்பை இறைச்சி, முட்டை இல்லாமல் கேட்பதே வழி. அந்த மிளகாய் விழுதில் மாட்டிறைச்சி கலந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பகலில் எனக்குத் தொக்ஜின் பூங்கா. பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. ஜூலையில் குளம் முழுவதும் தாமரை, குளத்தின் நடுவே ஹனோக் பாணியில் ஒரு நூலகம். அங்கே அழைப்பு பேச முடியாது. படிக்கவும் எழுதவும் அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மெட்ரோ கிடையாது. நான் வேலை முடிக்கும் நேரத்தில் பேருந்தும் இல்லை, டாக்ஸிதான். இஞ்சியோன் விமான நிலையத்திலிருந்து பேருந்தில் கிட்டத்தட்ட 4 மணி நேரம். சியோலின் யோங்சான் நிலையத்துக்குக் கேடிஎக்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆங்கிலம் பேசுபவர்கள் குறைவு, அதனால் கொரிய மொழியின் ஹங்குல் எழுத்துகளையாவது கற்றுக்கொண்டு வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் கடுமை.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது அறையின் வடக்குச் சுவர். தரைக்கு அடியிலிருந்து சூடேற்றும் ஒன்டோல் முறையில் தரை கதகதவென்று இருக்கும், வெளியே பனி கொட்டும், இடையில் உள்ள சுவர் வியர்க்கும். ஜனவரியில் கட்டிலுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை. பயந்துபோய் வெப்பத்தைக் கூட்டினேன். அந்த மாத எரிவாயுக் கட்டணம் 1,10,000 வொன் வந்தது. வீட்டுக்கார அம்மா வந்து கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப்போட்டு, தினமும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னார். வெளியே போகும்போது பாய்லரை அணைக்காமல் 'வெச்சுல்' (வெளியே செல்லுதல்) பொத்தானை அழுத்தும்படியும் காட்டிக்கொடுத்தார். பிப்ரவரியில் கட்டணம் 70,000 ஆகக் குறைந்தது.

விசா நீட்டிப்புக்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தெற்குப் பார்த்த அறை அடுத்த மாதம் காலியாகிறது. வாடகை 20,000 வொன் கூடுதல். நேற்று போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.