வங்கிப் பங்கும் டவர் பங்கும்: பல ஆண்டுகள் வைத்திருந்து பார்த்ததில்

வங்கிப் பங்கு என்றால் பாதுகாப்பு, செல்பேசி டவர் நிறுவனப் பங்கு என்றால் மாதா மாதம் வாடகை வாங்குவது போன்ற நிம்மதி. புதிதாகச் சந்தைக்கு வருகிறவர்களிடம் இந்த இரண்டு துறைகளையும் இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். இரண்டையும் நெடுங்காலமாக வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த அறிமுகம் பாதிதான் உண்மை என்று படுகிறது. இரண்டுமே அடுத்தவர் பணத்தில் நடக்கும் தொழில்கள். வங்கி டெபாசிட்தாரரின் பணத்தில் நடக்கிறது. டவர் நிறுவனம் கடன் பத்திரக்காரரின் பணத்தில் நடக்கிறது. பங்கை வைத்திருக்கும் நமக்கு என்ன மிஞ்சும் என்பதை, சொத்து எவ்வளவு நல்லது என்பதைவிட, அந்தக் கடன் எப்படிப்பட்டது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

டவரிலிருந்து தொடங்குகிறேன், புரிந்துகொள்ள அதுதான் எளிது. ஒரு கோபுரம், அதன் அடியில் குத்தகைக்கு எடுத்த நிலம், மேலே ஆன்டெனா மாட்டிக்கொள்ள வாடகை கொடுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனம். அவ்வளவுதான் தொழில். லாபம் முழுவதும் இரண்டாவது, மூன்றாவது வாடகைதாரரிடம் இருக்கிறது. அமெரிக்கன் டவர் நிறுவனம் முதலீட்டாளர்களுக்குக் காட்டிவந்த எடுத்துக்காட்டுக் கணக்கில், ஒரே ஒரு வாடகைதாரர் இருக்கும் கோபுரம் போட்ட முதலுக்கு ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம்தான் ஈட்டும். இரண்டு பேர் வந்தால் 13 சதவீதம், மூன்று பேர் என்றால் 24 சதவீதம். நிலக் குத்தகை, பராமரிப்பு, காவல் எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்க, புதிதாக வரும் வாடகையில் பெரும்பகுதி நேராக லாபத்துக்குப் போவதுதான் காரணம். எனவே ஒரு டவர் நிறுவனம் தன்னிடம் எத்தனை ஆயிரம் கோபுரங்கள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்லும்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு கோபுரத்துக்குச் சராசரியாக எத்தனை வாடகைதாரர் என்ற எண்ணைத்தான் தேடுவேன். ஆண்டறிக்கையில் அது எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருந்தால், அதுவே ஒரு செய்தி.

ஒப்பந்தங்கள் உறுதியானவை என்பது உண்மைதான். முதல் ஒப்பந்தக் காலம் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள், பிறகு நீட்டிப்புகள். அமெரிக்காவில் வாடகை ஆண்டுதோறும் 3 சதவீத அளவில் தானாகவே உயரும். மற்றப் பல நாடுகளில் விலைவாசி உயர்வோடு இணைத்திருப்பார்கள். ஆன்டெனாவைக் கழற்றி வேறு கோபுரத்துக்குக் கொண்டுபோனால் செலவும் ஆகும், இடையில் சிக்னல் ஓட்டையும் விழும். ஆகவே எளிதில் யாரும் காலி செய்வதில்லை. இதை வைத்திருக்கும் அனுபவத்தைச் சொல்வதானால், சலிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். காலாண்டு முடிவுகளை நான் வாசிப்பது புதுச் செய்திக்காக அல்ல, ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். பரபரப்பு வேண்டுவோருக்கு இந்தத் துறை ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது.

ஆனால் இந்தச் சலிப்பூட்டும் துறை ஒரு முறை ஏறக்குறைய அழிந்தே போனது. 2002இல் பினக்கிள், ஸ்பெக்ட்ராசைட் ஆகிய இரண்டு டவர் நிறுவனங்கள் திவால் பாதுகாப்புக் கோரின. அதே ஆண்டில் அமெரிக்கன் டவர் பங்கு ஒரு டாலருக்கும் கீழே விலைபோனது. கோபுரங்கள் சரிந்து விழவில்லை, செல்பேசிப் பயன்பாடும் குறையவில்லை, வாடகையும் வந்துகொண்டுதான் இருந்தது. 1990களின் கடைசியில் போட்டி போட்டுக்கொண்டு கோபுரங்களை வாங்கக் கடன் வாங்கிக் குவித்திருந்தார்கள். கடன் சந்தை கதவைச் சாத்தியபோது திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஸ்பெக்ட்ராசைட் 2005இல் அமெரிக்கன் டவரோடு இணைந்தது. குளோபல் சிக்னல் என்று பெயர் மாற்றிக்கொண்ட பினக்கிளை 2007இல் கிரௌன் காசில் என்ற மற்றொரு டவர் நிறுவனம் வாங்கியது. அந்தக் கோபுரங்கள் இன்றும் சம்பாதிக்கின்றன, வேறு முதலாளிகளுக்காக. டவர் பங்கு வாங்க விரும்பும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இன்றைய பெரிய நிறுவனங்கள் அந்தப் பாடத்தை ஓரளவு கற்றிருக்கின்றன. கடனில் பெரும்பகுதி நிலையான வட்டியில், தவணைகள் பல ஆண்டுகளுக்குப் பரவலாக. ஆனாலும் ஆண்டு இயக்க லாபத்தைப்போல் 5 மடங்கு, 6 மடங்கு நிகரக் கடன் என்பது இந்தத் துறையில் சாதாரணம். அதன் விளைவு 2022இல் தெரிந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் வட்டி விகிதத்தை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 5.25–5.50 சதவீத நிலைக்குக் கொண்டுபோனது. 2021இல் 300 டாலர் அருகில் இருந்த அமெரிக்கன் டவர் பங்கு, 2023 அக்டோபரில் 160 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் வாடகை விகிதம் ஒப்பந்தப்படி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அரசுக் கடன் பத்திரமே 5 சதவீதம் தரும்போது, அதைவிடக் குறைவாக ஈவுத்தொகை தரும் கோபுரத்துக்கு யார் பழைய விலை கொடுப்பார்கள்? நீண்ட காலம் வைத்திருக்கிறவர்கள் இந்த மாதிரி இறக்கத்தைத் தொழிலின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம் ‘வாடகை நிச்சயம், ஆகவே பங்கு விலையும் நிச்சயம்’ என்று நம்பி வாங்கவும் கூடாது.

இன்னொரு தொந்தரவு, வாடகைதாரர்கள் கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள் என்பது. அமெரிக்காவில் வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் என்று மூன்று பேர்தான். 2020 ஏப்ரலில் ஸ்பிரின்ட் நிறுவனத்தை டி-மொபைல் தன்னோடு இணைத்துக்கொண்டபோது நான்கு மூன்றானது. ஒரே கோபுரத்தில் இரண்டு நிறுவனங்களும் இருந்த இடங்களில் ஒரு வாடகை மெல்ல மெல்லக் கழிந்தது. இந்தியாவில் நடந்தது இதைவிடக் கடுமை. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது, 2016இல் ஜியோ வந்தது, அதற்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் இணைந்தன அல்லது மூடின. கடைசியில் தனியாரில் மூவர், அரசின் பிஎஸ்என்எல் என்று சுருங்கியது. அந்த மூவரில் ஒருவரான வோடஃபோன் ஐடியா பாக்கி வைத்தபோது இண்டஸ் டவர்ஸ் பெரிய தொகையை வராத பணமாக ஒதுக்கீடு செய்ய நேர்ந்தது, ஈவுத்தொகையும் நின்றது. பிறகு பழைய பாக்கி கணிசமாக வசூலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கன் டவர் அதுவரை காத்திருக்கவில்லை. தன் இந்தியக் கோபுரங்களை புரூக்ஃபீல்டு என்ற முதலீட்டுக் குழுமம் சார்ந்த ஒரு முதலீட்டு அறக்கட்டளைக்கு விற்று 2024 செப்டம்பரில் வெளியேறியது. இரண்டு லட்சம் கோபுரம் இருந்தாலும், வாடகை கட்டுபவரின் நிதிநிலை ஆடினால் கோபுரமும் ஆடும்.

கடைசியாக, கையில் மிஞ்சும் பணத்தை நிர்வாகம் என்ன செய்கிறது என்ற கேள்வி. கிரௌன் காசில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோபுரத்தோடு நிற்காமல் நகரங்களில் ஃபைபர் கேபிளிலும், விளக்குக் கம்பங்களில் மாட்டும் சிறு ஆன்டெனாக்களிலும் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டியது. வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் 2020லும் 2023லும் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தது. 2025 மார்ச்சில் அந்தத் தொழில்களை மொத்தம் 850 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்து, ஆண்டுக்கு 6.26 டாலராக இருந்த ஈவுத்தொகையை 4.25 டாலராகக் குறைத்தார்கள். கோபுரத்தில் தவறு ஒன்றும் இல்லை. கோபுரம் கொடுத்த பணத்துக்கு நல்ல வேலை கிடைக்கவில்லை. டவர் நிறுவனம் எதையாவது ‘இயல்பான அடுத்த கட்டம்’ என்று அழைத்து வாங்கும்போது நான் எச்சரிக்கையாகிவிடுகிறேன்.

இனி வங்கி. டவரோடு ஒப்பிட்டால் வங்கிக்குள் வெளிச்சம் குறைவு. கோபுரத்தை நேரில் போய்ப் பார்க்கலாம். ஒரு வங்கி யாருக்கு, எந்த ஈட்டின்பேரில், எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது. நூறு ரூபாய் சொத்தில் பங்குதாரரின் பணம் பத்து ரூபாய் இருந்தாலே நல்ல வங்கி. அந்தச் சொத்தில் பத்தில் ஒன்று போனால் நம் பணம் முழுவதும் போயிற்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் குறைவு.

சிட்டிகுரூப் பங்கு 2007 தொடக்கத்தில் 55 டாலர் அளவில் இருந்தது; 2009 மார்ச்சில் ஒரு டாலருக்கும் கீழே. காலாண்டு ஈவுத்தொகை ஒரு சென்ட் ஆனது. 2011இல் பத்துப் பங்குகளை ஒன்றாக்கினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பங்கு புத்தக மதிப்புக்கு, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவதாக வங்கியின் கணக்கு காட்டும் மதிப்புக்கு, கீழேயே கிடந்தது. புத்தக மதிப்பைவிட மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வங்கிப் பங்கு வாங்குவதை நான் ஏற்காததற்கு இது போதும். அந்தப் புத்தகத்தை எழுதுவதே வங்கிதானே!

வாராக்கடனை மட்டும் பார்த்தால் போதும் என்ற எண்ணத்தையும் 2023 மார்ச் உடைத்தது. சிலிக்கான் வேலி வங்கி மோசமான கடன்களால் விழவில்லை. பாதுகாப்பானவை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நீண்ட காலக் கடன் பத்திரங்களை வட்டி குறைவாக இருந்த நேரத்தில் வாங்கி வைத்திருந்தது. வட்டி ஏறியதும் அவற்றின் சந்தை விலை இறங்கியது. முதிர்வு வரை வைத்திருப்போம் என்று வகைப்படுத்தியதால் அந்த இழப்பு லாப நட்டக் கணக்கில் வரவில்லை, குறிப்புகளில் மட்டும் இருந்தது. டெபாசிட்தாரர்களோ பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த தொழில்நுட்ப நிறுவனங்கள்; காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட பெருந்தொகைகள். மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. இதேபோல் டெபாசிட்டை இழந்த ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கி மே 1 அன்று ஜேபி மோர்கன் கைக்குப் போனது.

அன்றிலிருந்து வங்கி அறிக்கையை நான் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். கடன் பட்டியலுக்கு முன் டெபாசிட். சிறு சேமிப்புக் கணக்குகள் எவ்வளவு, சில பெரிய கைகளிடம் இருப்பது எவ்வளவு? ஊரெல்லாம் வட்டி ஏறும்போது இந்த வங்கி டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டி எவ்வளவு வேகமாக ஏறியது? வட்டி அதிகம் கேட்காமல் தங்கியிருக்கும் டெபாசிட்தான் வங்கியின் உண்மையான சொத்து. அதைக் கட்ட பல பத்தாண்டுகள் ஆகும், விளம்பரத்தால் வாங்க முடியாது. அடுத்துப் பார்ப்பது, சக வங்கிகளைவிட வெகு வேகமாகக் கடன் வளர்கிறதா என்பது. அது மற்றவர்களுக்கு நல்ல செய்தி, எனக்கு விற்பதற்கான காரணம். மற்ற விகிதங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வங்கி விழுந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை 2020இல் இந்தியாவில் இரண்டு முறை பார்க்க முடிந்தது. யெஸ் வங்கியில் மார்ச் மாதம் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டு, டெபாசிட்தாரர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. மீட்புத் திட்டத்தில் நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் முக்கால்வாசி, விற்க முடியாதபடி மூன்றாண்டுகளுக்குப் பூட்டப்பட்டது. நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட்தாரர்களுக்கு ஒரு பைசா இழப்பில்லை. பங்குதாரர்களின் பணம் முற்றிலும் பூஜ்யமாக்கப்பட்டது. வங்கி காப்பாற்றப்பட்டது என்ற தலைப்பைப் படித்துவிட்டுப் பங்கு வாங்க ஓடுகிறவர்கள் இந்த வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பாற்றப்படுவது வங்கி, பங்கு அல்ல.

இத்தனை சொன்ன பிறகும் வங்கிப் பங்குகளை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். நெருக்கடிகளில் பலவீனமான வங்கி இழக்கும் டெபாசிட் பலமான வங்கிக்குத்தான் போகிறது. டவரில் இந்த வகை வாய்ப்பு இல்லை. மூன்றாவது வாடகைதாரர் ஏறியாகிவிட்டால் அந்தக் கோபுரம் அதற்கு மேல் பெரிதாக வளராது. நல்ல வங்கி ஒவ்வொரு சரிவிலும் வளரும். அப்படிப்பட்டவை சிலதான், மலிவாகவும் கிடைப்பதில்லை. இரண்டோ மூன்றோ போதும்.

இரண்டு துறைகளையும் சேர்த்து வைத்திருப்பது ஆபத்தைப் பரவலாக்கும் என்பார்கள். 2022, 2023 ஆண்டுகளில் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரே வட்டி உயர்வு டவரின் விலையையும் குறைத்தது, பலவீனமான வங்கிகளின் அடியையும் அரித்தது. வட்டி சற்று ஏறினால் வங்கி லாபம் கூடும், வெகு வேகமாக ஏறினால் அதே வங்கிக்கு ஆபத்து. டவருக்கோ எந்த ஏற்றமும் பிடிக்காது. ஆகவே இரண்டையும் வைத்திருப்பவர் வட்டியோடு தொடர்பில்லாத வேறு எதையாவது மூன்றாவதாக வைத்திருக்க வேண்டும்.

இப்போது என் கவனம் டவர் பக்கம்தான். அமெரிக்காவில் அந்த மூவருக்கு அடுத்து நான்காவது செல்பேசி நிறுவனமாக வளர முயன்ற டிஷ் நிறுவனத்தின் தாய்நிறுவனமான எக்கோஸ்டார், 2025 ஆகஸ்டில் தன் அலைக்கற்றையின் ஒரு பகுதியைச் சுமார் 2,300 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. நான்காவது வாடகைதாரர் என்று நம்பியிருந்தவர் கோபுரத்தை விட்டு இறங்கினால், எஞ்சிய ஒப்பந்தக் காலத்து வாடகையை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. முறிக்க முடியாத ஒப்பந்தம் என்று இத்தனை காலம் படித்துவந்தது எவ்வளவு உறுதியானது என்பதற்கு இது நேரடிச் சோதனை. அதன் விடை தெளியும்வரை டவரில் புதிதாகப் பணம் போடுவதாக இல்லை. இருப்பதை விற்பதாகவும் இல்லை.