தூரத்தைச் சொன்னார்கள், ஏற்றத்தைச் சொல்லவில்லை

ஒரே நாளில் மலை உச்சிக்குக் கூட்டிப் போய் வருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் பட்ட பாடு இது.

அவர்கள் அனுப்பிய செய்தி இதுதான்: போய்வர 18 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், புதியவர்களும் வரலாம், குழுவில் எட்டுப் பேர் மட்டும், அனுபவமுள்ள வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி உண்டு, காலை 6 மணிக்கு ஏறத் தொடங்குவோம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். தினமும் நடக்கிற எனக்கு 18 கிலோமீட்டர் பெரிதாகத் தெரியவில்லை. எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று அந்தச் செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஏற்றம் 1,200 மீட்டர். வீடு திரும்பிய பிறகு வரைபடத்தை விரித்து, சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான் அது எனக்கே தெரிந்தது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில் இந்த மலைக்கு 5 மணி 36 நிமிடம் ஆகும். அதுவும் நல்ல தெம்புள்ள ஆள் எங்கும் நிற்காமல் நடந்தால்தான். சாப்பிட உட்காருவது, மூச்சு வாங்க நிற்பது, பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்பது எதுவும் இதில் சேராது. புதியவர்கள் உள்ள குழுவுக்கு எட்டு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் என்றது தெரியாமல் சொன்னதா, ஆள் சேர்க்கச் சொன்னதா என்று எனக்கு இனி கவலை இல்லை. இரண்டுமே தப்புதான்.

6 மணி என்றவர்கள் ஏறத் தொடங்கியபோது 10:15. எட்டுப் பேர் என்ற இடத்தில் பத்தொன்பது பேர். வண்டியில் வரும்போதே ஒரு தாளை நீட்டி, 'சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பணம் கட்டிய பிறகு, பாதி வழியில், யார் மறுக்க முடியும்?

"அதோ தெரியுதே, அதுதான் உச்சி" என்று வழிகாட்டி மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் ஏறிப் பார்த்தால் பின்னால் இன்னொரு மேடு நின்றது. மூன்றாவது முறை நேராகவே கேட்டேன். "ஒரு தடவை வந்திருக்கேன் சார், அப்ப வேற பக்கமா ஏறினோம்" என்றார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைத் தனியாக அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

உச்சியைத் தொட்டபோது மணி 3:40. எந்த இடத்தில் இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று ஒரு நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்திருந்தால், நாங்கள் அவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டோம். மேலே பனிமூட்டம், காற்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நின்றால் இன்னும் மோசம். என்னோடு வந்த ஒரு அம்மாவுக்கு விரல்கள் மரத்துப்போய், பையின் ஜிப்பை இழுக்க முடியவில்லை. நான்தான் திறந்து சால்வையை எடுத்துப் போர்த்தினேன். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. முதலுதவிப் பெட்டியைக் கேட்டு வாங்கித் திறந்தேன். இரண்டு பிளாஸ்டர், காலாவதியான ஒரு களிம்பு. அவ்வளவுதான்.

இறங்கும்போது வழிகாட்டி வேகமாக நடப்பவர்களோடு முன்னால் போய்விட்டார். கடைசி ஆளுக்குப் பின்னால் வர யாரும் இல்லை. முகட்டில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நாங்கள் ஆறு பேர் தப்பான பக்கம் இறங்கினோம். இருட்டிவிட்டது. ஆறு பேருக்கு ஒரே ஒரு டார்ச். என் செல்போன் குளிரில் சட்டென்று அணைந்துபோனது.

எங்களைக் காப்பாற்றியது ஒருவரின் பையில் இருந்த விசில். நெஞ்சுப் பட்டையின் கொக்கியிலேயே சின்ன விசில் வைத்துத் தைத்த பைகள் நிறைய உண்டு. உங்கள் பையிலும் இருக்கலாம், பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. மலையில் ஆபத்து என்பதற்கு அதுதான் அடையாளம். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். நான்காவது சுற்றில் பதில் வந்தது. காகித வரைபடமும் திசைகாட்டியும் வைத்திருந்த ஒரு தம்பதி எங்களைத் தேடி வந்து, கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்போது இரவு 9:20.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மலைன்னா இதெல்லாம் சகஜம், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று போனை வைத்துவிட்டார்கள்.

சரி, என் பணம் போகட்டும். நீங்கள் கட்டுவதற்கு முன் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். வழிகாட்டி இதே பாதையில் கடைசியாக எப்போது போனார், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, கடைசியில் யார் நடப்பார், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துத் தாளை முதலிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

நேற்று அதே மலைக்கு அவர்களிடமிருந்து மறுபடி செய்தி வந்திருக்கிறது. 18 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், புதியவர்களும் வரலாம். ஏற்றம் எத்தனை மீட்டர் என்பது இந்த முறையும் இல்லை.