ஹட்டன் நாட்டு மருந்துக் கடையின் சீயக்காய்த் தூள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரிலுள்ள நாட்டு மருந்துக் கடையொன்றில் 100 கிராம் பக்கட்டுகளாக விற்கப்படும் சீயக்காய்த் தூளை எங்கள் வீட்டில் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைக்கு இது ஏற்றதா என்பதையே நான் முக்கியமாகக் கவனித்தேன். கூடைக் கயிறு நாள் முழுவதும் உச்சந்தலையை அழுத்திக்கொண்டிருப்பதால், தேங்காய் எண்ணெயும் வியர்வையும் மழை ஈரமும் அந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து பிசுக்காக இறுகிவிடுகின்றன. அம்மாவின் தலையில் அது ஒரு விரல் அகலத்துக்குப் படிந்திருக்கும். வெறும் சவர்க்காரத்துக்கு எளிதில் அசையாது.

இந்தத் தூள் அதைப் போக்குகிறது. ஆனால் பீலித் தண்ணீரை, அதாவது மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் நீரை, அப்படியே ஊற்றிக் கரைத்தால் மலைக்குளிரில் தூள் சரியாக ஊறாமல் கட்டி கட்டியாக நிற்கும். சோறு வடித்த கஞ்சியை இளஞ்சூட்டில் எடுத்து, அதில் குழைத்துச் சற்று நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால், நுரை குறைவாக இருந்தாலும் பிசுக்கு இளகி வருவது விரல்களுக்கே தெரியும். சீயக்காயிலுள்ள சப்போனின் என்ற பொருள்தான் எண்ணெயைப் பிரித்தெடுத்து நீரோடு போகச் செய்கிறது. அது எண்ணெயை முற்றாக உறிஞ்சிவிடுவதில்லை என்பதால் முடி காய்ந்த பிறகும் வறண்டு போவதில்லை. சிக்கெடுப்பதும் சுலபமாக இருக்கிறது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் சிறுபிள்ளைகளுக்குத் தேய்க்கும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

குறைகளும் உண்டு. தூள் போதிய அளவு நைசாக அரைக்கப்படவில்லை. சலிக்காமல் தேய்த்தால் காயின் நார்த்துகள்கள் முடியில் சிக்கிக்கொண்டு, இரண்டு முறை அலசியும் சீப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கட்டில் அரைத்த திகதியும் இல்லை. மழைக்காலத்தில் நாங்கள் வாங்கிய ஒன்றில் பூஞ்சண வாடை அடித்தது. ஈரம் மிகுந்த ஊரில் விற்கும் பொருளுக்குத் திகதி இடாதிருப்பது சரியன்று.

வேலை நாட்களில் ஷாம்பூவை விட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஷாம்பூ என்ற பெயரில் நடத்தியது, நீராவிக் குளியலோடு உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை. தலை கழுவும் திரவம் அன்று. ஜெர்மனியில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் 1903இல் தூளாகவும், அவருடைய நிறுவனம் 1927இல் திரவமாகவும் ஷாம்பூவை விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1930களில் செயற்கைச் சலவைப் பொருட்கள் அதில் சேர்ந்த பின்னரே, சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரிலும் நுரைக்கும் இன்றைய ஷாம்பூ உருவானது. யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கு அது பெரிய உதவி. எங்கள் மலை ஊற்று நீர் மென்மையானது என்பதால், இங்கே அதன் பயன் நேரம் மிச்சமாவதில்தான் இருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, புறப்படுபவருக்குக் கஞ்சி சூடாக்க எங்கே நேரம்? இருந்தாலும், 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்த அளவும் கொண்ட ஷாம்பூ பக்கட்டுகளுக்கு எங்கள் நாட்டில் 2021 மார்ச் 31 முதல் தடை விதிக்கப்பட்டதற்கான காரணத்தை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கழிவுநீர்க் கானில் அடைத்துக் கிடந்த வெற்றுப் பக்கட்டுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்துத் தலை முழுகுவதற்கு இந்தச் சீயக்காயைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கடைக்காரர் இன்னொரு முறை அரைத்து, திகதியும் இட்டு விற்கும் வரை, அதே கடையில் முழுக்காயாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது நல்லது.