தூரம் காட்டும் செயலி: சில வருஷம் பயன்படுத்திய பிறகு

நேற்று ஒரு நண்பர் கேட்டார்: "தராவாவிலிருந்து கிரிட்டிமாட்டிக்கு நாலரை மணி நேரம்னு போட்டிருக்கே, காலையில கிளம்பினா சாயங்காலம் போயிடலாம்தானே?" இரண்டும் பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் கிரிபாட்டி என்ற நாட்டின் தீவுகள். அவர் பார்த்தது, டிக்கெட் வேலைக்காக நான் சில வருஷமாக வைத்திருக்கிற அதே தூரக் கணக்குச் செயலி. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேல் இல்லை.

தூரத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. சுமார் 3,300 கி.மீ. என்கிறது, சரி. 180 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டும் பாதையைச் சில செயலிகள் உலகத்தைச் சுற்றி மறுபக்கமாக இழுத்துவிடும், இது இழுக்காது. ஆனால் தேடும்போது விமான நிலையக் குறியீட்டையே கொடுங்கள். கிரிட்டிமாட்டிக்குக் கிறிஸ்துமஸ் தீவு என்றும் பெயர் உண்டு, ஆனால் அப்படி அடித்தால் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அதே பெயருள்ள ஆஸ்திரேலியத் தீவு வந்து நிற்கும். கிரிட்டிமாட்டியின் குறியீடு சி.எக்ஸ்.ஐ.

தேதியையும் பிசகாமல் வைத்திருக்கிறார்கள். 1995 தொடக்கத்தில் கிரிபாட்டி தன் கிழக்குத் தீவுகளைத் சர்வதேசத் தேதிக்கோட்டுக்கு, தராவா இருக்கும் பக்கமே கொண்டுவந்தது, அதற்கு முன்பு ஒரே நாட்டுக்குள் இரண்டு தேதி. இப்போது ஹவாயின் ஹொனலுலுவிலும் கிரிட்டிமாட்டியிலும் கடிகாரம் ஒரே மணி காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் தள்ளி. செவ்வாய் மதியம் 12-க்கு ஹொனலுலுவில் ஏறினால் மூன்று மணி நேரப் பறப்புதான், இறங்கும்போது புதன் பிற்பகல் 3. இதை அழகாகக் காட்டுகிறது, ஒவ்வொரு தடவையும் எனக்கு சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம் அந்தப் 'பயண நேரம்'! தூரத்தை மணிக்கு 800 கி.மீ. சொச்சத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்த எண் அது. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பல வருஷமாக வழக்கமான வழி ஃபிஜி நாட்டின் நாடி விமான நிலையம்தான்: தராவாவிலிருந்து தெற்கே 2,200 கி.மீ., மூன்று மணி. அங்கிருந்து வடகிழக்கே 3,500 கி.மீ., ஐந்து மணி. அந்த இரண்டாவது விமானம் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடியது, தவறவிட்டால் அடுத்த வாரம் வரை நாடியில் அறை வாடகை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சொந்த நாட்டின் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போக, ஒரு கிரிபாட்டிக்காரர் அடுத்த நாட்டு வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. 2019 கடைசியில் ஏர் கிரிபாட்டி எம்ப்ரேர் இ190-இ2 ஜெட் விமானம் வாங்கியதே இந்த இரண்டு தீவையும் நேராக இணைக்கத்தான். அதிலும் இரட்டை எஞ்சின் விமானம் என்றால், ஒன்று நின்றுபோனால் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் இறங்க ஓடுதளம் வேண்டும்; அந்தக் கடலில், வழியில் இருக்கும் கேண்டன் தீவின் ஓடுதளம் மாதிரி ஒன்றிரண்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

நேரடி விமானம் இருக்கிற வாரத்தில் அந்த நாலரை மணி உண்மை. இல்லாத வாரத்தில் அதை நம்புகிறவருக்கு நாலைந்து நாளும் கைக்காசும் போகும். 'இது பறக்கும் நேரம் மட்டும்' என்று கீழே ஒரு வரி போடச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. தூரத்துக்கும் தேதிக்கும் மட்டும் என்றால் ஐந்தே கொடுத்திருப்பேன், இருந்தாலும் இரண்டுதான். நண்பருக்குச் சொன்னது இதுதான்: நேரடி விமானம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் நாடியிலிருந்து கிளம்பும் விமானத்தின் கிழமையைப் பிடித்து, அதிலிருந்து பின்னோக்கித் தராவா டிக்கெட்டைப் போடுங்கள், நடுவில் ஒரு நாளாவது விட்டு.