லித்தியம் மாத்திரை: 11 வருடம் போட்டவனின் விமர்சனம்

பைபோலார் என்ற மனநோய்க்காக 11 வருடமாக லித்தியம் கார்பனேட் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. நாள்கணக்கில் தூங்காமல் பேயாய் அலைந்துவிட்டு அப்புறம் மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவன் நான்; இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் லேசாகத் தடுமாறியிருக்கிறேன். 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிய மருந்து, அதற்குப்பின் எத்தனையோ மாத்திரைகள் வந்தும் இதை ஓரங்கட்ட முடியவில்லை. ஆகவே மாத்திரையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

கை நடுக்கம், ஓயாத தாகம், ராத்திரி மூன்று தடவை பாத்ரூம், இதெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தைராய்டும் பலருக்குத் தெரிந்ததுதான். சுரப்பி ஹார்மோனை ரத்தத்தில் விடுவதை லித்தியம் தடுக்கும், தைராய்டைத் தூண்டிவிடும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் ஏறும், பெண்களுக்கு இது இன்னும் அதிகம். எனக்கு நாலாம் வருடம் ஏறியது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், அத்தோடு சரி, லித்தியத்தை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

கால்சியத்தைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று மோப்பம் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. லித்தியம் அந்த மோப்பத்தை மந்தமாக்கிவிடுகிறது. கால்சியம் போதுமான அளவு இருக்கும்போதே குறைவு என்று நினைத்து அவை பிடிஹெச் ஹார்மோனை ஊற்றிக்கொண்டே இருக்கும், அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்க்கும். இதெல்லாம் வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் நடக்கும்.

ஒன்பதாம் வருடம் எனக்கு எப்போதும் அசதி, மலச்சிக்கல், எதிலும் பிடிப்பில்லாமை, படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கும் மந்தம். அப்போது பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் டிப்ரஷன் திரும்புகிறது என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், நமக்குத்தான் எல்லாவற்றுக்கும் மனசைக் குற்றம் சொல்லியே பழக்கமாயிற்றே! முட்டி வலிக்காகப் போன இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் கால்சியம் 11.3 என்று தடித்த எழுத்தில் வந்தது. வழக்கமாக 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். எலும்புக்கு நல்லது என்று நானாகவே தினமும் ஒரு கால்சியம் மாத்திரை வேறு விழுங்கிக்கொண்டிருந்தேன், அதை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். கால்சியம் இவ்வளவு ஏறினால் பிடிஹெச் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். எனக்கோ மேல் வரம்பையும் தாண்டி நின்றது. கோளாறு பாராதைராய்டில்தான் என்று சொல்ல ஹார்மோன் டாக்டருக்கு அந்த இரண்டு எண்ணும் போதுமாக இருந்தது.

லித்தியத்தை விட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். சிலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது, நீங்களாக நிறுத்தினால் பழைய நோய் பாய்ந்து வரும் என்றார். ரொம்ப ஏறினால் ஆபரேஷன் உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பி வீங்கியிருக்கலாம் என்பதால் நாலையும் பார்ப்பார்களாம். சினகால்செட் என்று மாத்திரையும் இருக்கிறது. எனக்கு மனநல டாக்டரோடு பேசி லித்தியம் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள், கால்சியம் இப்போது 10.6ல் நிற்கிறது. பிரஷருக்குத் தயசைடு வகை மாத்திரை கொடுத்தால் லித்தியம் போடுவதை முதலில் சொல்லிவிடுங்கள், அது லித்தியத்தையும் ஏற்றும், கால்சியத்தையும் ஏற்றும்.

மாத்திரைக்கு ஐந்துக்கு நாலரை. கண்காணிப்புக்கு, பெருந்தன்மையாக, இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை லித்தியம் அளவு, கிட்னியைப் பார்க்கும் கிரியேட்டினின், டிஎஸ்ஹெச் என்று சீட்டு எழுதித் தருகிறார்கள், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கப் போகிறேன். கால்சியம் இப்போதும் பாதி நேரம் விட்டுப்போகிறது. லேப் வாசலில் நின்று நானே பேனாவால் கீழே சேர்த்து எழுதிவிடுகிறேன், இதுவரை யாரும் கேட்டதில்லை.