மாதானம் எண்ணெய்: உயிர்ச்சேற்றின் வாரிசா, பூமி ஆழத்தின் பிள்ளையா?

சீர்காழி பக்கம் மாதானத்தில் வண்டலுக்கு அடியில் விரிசல் விட்ட அடித்தளப் பாறையிலும் எண்ணெய் இருக்கிறது. உயிரே இல்லாத பாறையில் அது எப்படி வந்தது என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டு விளக்கங்கள் உண்டு.

பிறப்பு
உயிர்வழி: டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலச் சேற்றில் புதைந்த பாசி, தாவரம்.
ஆழ்வழி: பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்குக்குள் உயிரின்றி உருவான கார்பன் சேர்மங்கள்.

பாறைக்கு வந்த வழி
உயிர்வழி: மேடான பாறைக்குப் பக்கத்துப் பள்ளங்களில் அந்தச் சேறு இறுகிய களிப்பாறை இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே வெந்த எண்ணெய் பக்கவாட்டில் ஏறி விரிசலுக்குள் புகுகிறது. பாறை வெறும் பாத்திரம்தான். பலர் தவறவிடுவது இதைத்தான்.
ஆழ்வழி: பிளவுகள் வழியே கீழிருந்து நேராக மேலே.

சான்று
உயிர்வழி: வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலில் கிரானைட் பாறையிலிருந்து எடுத்த எண்ணெயில் உயிரினங்கள் விட்டுப்போன மூலக்கூறுகள் உள்ளன.
ஆழ்வழி: ஆழ்வழியை முன்வைத்த வானியலாளர் தாமஸ் கோல்டின் கருத்தை நம்பி 1980களில் சுவீடனின் சில்யான் கிரானைட்டில் 6 கி.மீ.க்கும் கீழே துளைத்தார்கள். வணிக அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில் உயிர்சாரா மீத்தேன் உண்மையிலேயே உண்டு.

மாதானம் போன்ற காவிரி டெல்டா எண்ணெயைப் புரிந்துகொள்ள உயிர்வழியே பொருந்தும். பழம்பாறைச் சுரங்க வாயு, சனிக்கோளின் நிலா டைட்டனின் மீத்தேன் என்றால் உயிர்சாரா விளக்கத்தை எடுங்கள்.