9.9 மோட்டாரை 15 ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் சின்ன அவுட்போர்டு மோட்டார் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வள்ளத்து மோட்டாரை ஒரு பட்டறையில் கொடுத்து 32 ஆயிரம் ரூபாயைத் தொலைத்தோம். பணம் போகட்டும். ஆடி மாதக் கடலில், கரையிலிருந்து ஆறேழு மைல் தள்ளி, மோட்டார் இறுகிப்போய் அப்பாவும் சித்தப்பா மகனும் கிடந்தார்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

எங்களுடையது ஃபைபர் வள்ளம். 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய் மோட்டார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. எட்டு வருடமாக ஒரு குறையும் வைக்கவில்லை. போன வருடம்தான் இழுவை குறைந்த மாதிரி இருந்தது. ஜூன், ஜூலையில் விசைப்படகுகள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும்போது எங்களைப் போன்ற வள்ளக்காரர்களுக்கு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். முதலில் கரை சேருகிற வள்ளத்துச் சாளைக்கு ஏலத்தில் ஒரு விலை, அரை மணி நேரம் பிந்தினால் வேறு விலை. தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் பிந்திக்கொண்டே இருந்தோம்.

அப்போதுதான் அந்தப் பட்டறையைப் பற்றிச் சொன்னார்கள். நான்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்து மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். "9.9-ம் 15-ம் ஒரே பிளாக்குதான் அண்ணே. கம்பெனிக்காரன் அடைச்சு வெச்சிருக்கான், நான் தெறந்து விடுறேன். அவ்வளவுதான்" என்று அப்பாவிடம் சொன்னார். 15-இன் காபரேட்டர் (காற்றையும் எரிபொருளையும் கலப்பது), ரீட் வால்வ் (அந்தக் கலவையை உள்ளே விடும் தகடு) எல்லாம் மாற்றி, டியூனிங்கும் செய்து தருவதாகப் பேச்சு. பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன தம்பி பில்லு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் ஏமாந்தோம். யமஹாவின் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார்களில் 9.9, 15 இரண்டுமே 246 சிசி. சிலிண்டர் விட்டம் 56 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 50. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களிலும் இந்த இரண்டு அளவுக்கும் ஒரே பிளாக்தான். அமெரிக்கா, கனடா பக்கம் 10 குதிரைத்திறனுக்கு மேல் மோட்டார் ஓட்டத் தடையுள்ள ஏரிகள் நிறைய. அந்த வரம்புக்குள் நிற்கத்தான் 9.9 என்கிற எண்ணே வந்தது. பெரியதற்குப் போகும் காற்றையும் எரிபொருளையும் காபரேட்டர் மாதிரியான சில இடங்களில் குறுக்கி, சின்னதாக விற்கிறார்கள். அந்த உருப்படிகளை அசலாக வாங்கி மாட்டினால் பெட்ரோல் மோட்டார் நிஜமாகவே 15-க்குப் போகும். எந்த மாடலுக்கு எது மாறும் என்பதை இரண்டு மோட்டார்களின் பார்ட்ஸ் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து நம்பர் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர் சொல்லாமல் விட்ட பாதி, எங்களுடையது மண்ணெண்ணெய் மோட்டார் என்பது. மண்ணெண்ணெய் பெட்ரோல் அளவுக்கு அழுத்தம் தாங்காது. சிலிண்டருக்குள் நெருக்கம் அதிகமானால், ஸ்பார்க் பிளக்கின் தீ பரவி வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். ஒவ்வொரு வெடியும் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போல விழும். அதனால்தான் கம்பெனியே மண்ணெண்ணெய் மாடலுக்கு அழுத்தத்தைக் குறைத்து ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) போடுகிறது. அதே பிளாக் மண்ணெண்ணெயில் பெட்ரோலைவிடக் குறைந்த சக்தி தருவதும் இதனால்தான். ஹெட்டைச் சீவினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடும். இந்த மோட்டாரில் அதைச் சீவக் கூடாது என்பது பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து மோட்டார் வந்தது. மூடியில் பளபளவென்று 15 என்ற ஸ்டிக்கர். முதல் நாள் வெறும் வள்ளத்தில் ஓட்டிப் பார்த்தோம், துள்ளிக்கொண்டு போனது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, மிச்சப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டோம். இரண்டாம் நாளிலிருந்து புகை அதிகம், மண்ணெண்ணெயும் கூடுதலாகக் குடித்தது. "சக்தி கூடினா தீனி கூடத்தானே செய்யும்" என்றார் பட்டறைக்காரர் போனில். மூன்றாம் நாள் மீனோடு திரும்பும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகச் சித்தப்பா மகன் சொன்னான். அதற்கும் "புது செட்டிங், ஓட ஓடப் பழகிடும்" என்று பதில்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். வலையை இழுத்து முடித்து, பாரத்தோடு முழு வேகத்தில் வரும்போது கீச்சென்று ஒரு சத்தம். அத்தோடு மோட்டார் நின்றது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. துடுப்புப் போட்டும் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. பக்கத்து ஊர் வள்ளக்காரர்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தபோது மதியம் இரண்டு மணி. அவர்கள் காசு வாங்கவில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் ஆடி மாதத்து அலை எப்படி எழும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயில் வைத்து மோட்டார் இறுகியிருந்தால் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போனவர்கள் வர ஒரு மணி நேரம் பிந்தினாலே எங்கள் வீட்டுப் பெண்கள் கரைக்கு வந்து நிற்பார்கள். அன்றைக்கு அம்மா ஐந்து மணி நேரம் மணலில் நின்றாள்.

மோட்டாரை இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தோம். வயதானவர், வாய் பேசாமல் வேலை செய்கிறவர். எங்கள் கண் முன்னால்தான் பிரித்தார். மேல் சிலிண்டரின் பிஸ்டன் தலையில் சுண்டு விரல் நுனி நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் ஓரம் எலி கடித்த தேங்காய் போல அரித்திருந்தது. ஸ்பார்க் பிளக் முனையில் கடுகு கடுகாக உருகிய அலுமினியம். ஹெட்டைத் திருப்பினால் புதிதாக லேத்தில் கடைந்த வட்டக் கோடுகள். அசல் ஹெட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தார், ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் சீவியிருந்தது. ஸ்பார்க் விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கம்பியையும் நீட்டி, நேரத்தை முன்னே தள்ளியிருந்தார்கள். மெயின் ஜெட்டை, அதாவது காபரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள திருகை, புதிதாகப் போடவில்லை, பழையதையே டிரில் பிட்டால் குடைந்திருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டை வாயில் பிசிறு தெரிந்தது.

காபரேட்டர் கதை வேறு. அசல் 15 காபரேட்டர் என்று முதல் பட்டறைக்காரர் 11 ஆயிரம் வாங்கியிருந்தார். மூன்று வருடம் முன்பு வள்ளத்துக்கு நீலப் பெயின்ட் அடித்தபோது ஒரு சொட்டு எங்கள் காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் விழுந்து காய்ந்திருந்தது. அந்த நீலச் சொட்டு அதே இடத்தில் இருந்தது. அப்பா அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

பிஸ்டனையும் ஹெட்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க" என்றார். இது எல்லோரிடமும் சொல்லும் பதில், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்து இறுகினால் பிஸ்டனின் பக்கச் சுவரெல்லாம் உராய்ந்து கோடு விழும், பேரிங் காய்ந்து நிறம் மாறும். எங்கள் பிஸ்டனில் பக்கவாட்டின் கீழ்ப்பாதி சுத்தமாக இருந்தது, பேரிங்கில் ஆயில் ஈரம் அப்படியே இருந்தது. அடி முழுக்கத் தலையில். நாங்கள் 50 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கில் அளந்துதான் கலக்குகிறோம். இதையெல்லாம் சொன்னதும் குரல் உயர்ந்தது. பில் இல்லை, கழற்றிய பழைய பாகம் எதையும் கேட்டு வாங்கவில்லை, வேலைக்கு முன்னும் பின்னும் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) அளந்து எழுதி வாங்கவும் இல்லை. கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தேன். ஒரு ரூபாய் திரும்பவில்லை.

சிலிண்டரைக் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் கூடுதல் அளவு பிஸ்டன், சீவாத பழைய அசல் ஹெட் ஒன்று, புது ஜெட், கேஸ்கெட் என்று மறுபடி 27 ஆயிரம் ஆனது. எல்லாம் மாட்டிய பிறகு பெரியவர் கேட்ட கேள்வியை முதல் பட்டறைக்காரர் கேட்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. "பாரத்தோட ஃபுல் திராட்டில்ல எத்தனை ஆர்பிஎம் வருது மக்கா?" ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. எங்களுக்குத் தெரியவில்லை. பிளக் வயரில் சுற்றும் சின்ன மீட்டர் ஒன்றைக் கொண்டு கடலுக்கே வந்தார். 4,200. எங்கள் மோட்டார் புத்தகத்தில் 4,500 முதல் 5,500 வரை வர வேண்டும் என்றிருக்கிறது. மோட்டாரில் சக்தி இருந்தது, அதை எடுக்க முடியாமல் திணறியிருக்கிறது.

காரணம் இரண்டு. முந்தின வருடம் புரொப்பல்லர் உடைந்து மாற்றியபோது கடையில் கிடைத்ததைப் போட்டோம். அதன் பிட்ச் (ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) எங்கள் வள்ளத்தின் பாரத்துக்கு இரண்டு இஞ்ச் அதிகம். பிட்ச் ஒரு இஞ்ச் குறைத்தால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் ஏறும் என்பது பொதுக் கணக்கு. இரண்டாவது, வள்ளத்தின் பின்பலகை உளுத்த இடத்தை அறுத்து ஃபைபர் போட்டதில் மோட்டார் மூன்று இஞ்ச் இறங்கி உட்கார்ந்திருந்தது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். ஆழத்தில் கிடந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். ஒரு மரக்கட்டையும் சரியான புரொப்பல்லரும் போட்டோம். இப்போது அதே பாரத்தில் 4,700 வருகிறது. இன்னொன்றையும் பெரியவர் சொன்னார். பாரமேற்றிய வள்ளத்தில் 9.9 உண்மையாகவே 15 ஆனாலும், 6 நாட் போகிற இடத்தில் 7 வந்தாலே பெரிய விஷயம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற வள்ளத்துக்கு வேகம் கூடக் கூடச் சக்தி பல மடங்கு வேண்டியிருக்கும்.

அந்த ஸ்டிக்கரையும் உரித்துவிட்டோம். பதிவுச் சான்றிதழில் 9.9 என்றிருக்க, மோட்டார் மேல் 15 என்றிருந்தால் சோதனையில் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே இப்படிச் செய்து மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்கும் வள்ளக்காரர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாரத்தோடு போகும்போது அந்தக் கூழாங்கல் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் உடனே வேகத்தைக் குறைத்து, பெட்ரோலுக்கு மாற்றி, மெதுவாகக் கரைக்கு வாருங்கள். அன்றைக்கே இரண்டு பிளக்கையும் கழற்றி முனையில் வெள்ளிப் பொட்டு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஹெட்டை அளந்து பார்க்காமல் மறுபடி கடலில் இறக்காதீர்கள்.